ரசிகர் வரைந்த படத்தை டி-ஷர்ட்டில் அச்சிடும் முன்

கேள்வி: கோவையில் பறையும் கிட்டாரும் சேர்ந்து இசைக்கும் ஒரு சுயாதீன இசைக்குழுவின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். எங்கள் பாடல் ஒன்றைக் கேட்டு ஒரு கல்லூரி மாணவர் வரைந்த கறுப்புக் கோட்டோவியம் இன்ஸ்டாகிராமில் பரவியது. கிட்டாரின் தலைப்பகுதியில் ஒரு காகம் உட்கார்ந்திருக்கும் படம் அது. ரசிகர்கள் சிலர் அதைத் தாங்களே டி-ஷர்ட்டில் அச்சடித்துத் தங்களுக்குள் விற்கிறார்கள். டிசம்பர் கடைசியில் பெரிய கச்சேரி இருக்கிறது. அதற்குள் எங்கள் பெயரில் மெர்ச் கடை, அதாவது குழுவின் பெயரும் படமும் அச்சிட்ட பொருள்களை விற்கும் கடை, தொடங்க நினைக்கிறோம். திருப்பூரில் 200 டி-ஷர்ட் அடித்து வைத்துக்கொள்வதா, ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாக அச்சிடும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் போவதா? ரசிகர்களுக்கு டிசைன் போட்டி வைத்து, வரும் படங்கள் எல்லாம் குழுவுக்கே சொந்தம் என்று விதி போட்டால் போதுமா? ஏற்கெனவே விற்பவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறார் நண்பர் ஒருவர். அனுப்பலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் அவசரப்பட்டுவிட்டால் மற்ற இரண்டுக்கும் நான் சொல்வது பயன்படாது. நோட்டீஸ் அனுப்பாதீர்கள். அந்த டி-ஷர்ட்டை அணிந்து திரிபவர்கள்தான் டிசம்பரில் உங்கள் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கப்போகிறவர்கள். தவிர, அந்தப் படத்தைப் பொறுத்தவரை நோட்டீஸ் அனுப்பும் முழு உரிமை உங்களிடம் இல்லை.

அமெரிக்காவில் 2013-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ‘ஃபயர்ஃப்ளை’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2002-இல் ஃபாக்ஸ் அலைவரிசையில் தொடங்கி, ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்டது. அதில் ஒரு பாத்திரம், தாய் பின்னி அனுப்பிய ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த கம்பளித் தொப்பியை அணிந்து வரும். தொடர் நின்றுபோன பிறகும் அதன் மீதிருந்த பற்றை விடாத ரசிகர்கள், அந்தத் தொப்பியைக் கையால் பின்னி, கைவினைப் பொருள்களை விற்கும் எட்ஸி என்ற இணையதளத்தில் பல ஆண்டுகள் விற்றுவந்தார்கள். பின்னர் ஒரு நிறுவனத்துக்கு அதிகாரபூர்வ உரிமம் தரப்பட்டு, கடைகளுக்கு அதே தொப்பி வந்ததும், பின்னி விற்ற ரசிகர்களுக்கு விற்பனையை நிறுத்தும்படி எச்சரிக்கை போனது. சட்டப்படி உரிமையாளரிடம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் தொடரை உயிரோடு வைத்திருந்தவர்களே அதனால் மனம் கசந்துபோனார்கள். அதிகாரபூர்வத் தொப்பியை விற்ற திங்க்கீக் நிறுவனம், அதில் கிடைக்கும் லாபத்தை அந்த ரசிகர்கள் நடத்தும் அறக்கொடைத் திட்டத்துக்கே தருவதாக அறிவிக்க வேண்டிவந்தது. உரிமம் கொடுப்பதற்கு முன்பே பின்னிக்கொண்டிருந்தவர்களோடு ஒரு வார்த்தை பேசியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

இப்போது அந்தக் காகப் படத்துக்கு வருவோம். அதை வரைந்தவர் அந்த மாணவர். நீங்கள் கேட்டு, கூலி கொடுத்து அவர் வரையவில்லை. ஆகவே 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர் அவரேதான். உங்கள் பாடல் அவருக்குத் தூண்டுதலாக இருந்தது என்பதால் மட்டும் ஓவியம் உங்களுடையதாகிவிடாது. அதே சமயம், குழுவின் பெயரும் இலச்சினையும் உறுப்பினர்களின் முகங்களும் உங்களைச் சேர்ந்தவை. உங்கள் அனுமதி இல்லாமல் அவற்றைப் பொருளில் அச்சிட்டு விற்க அவருக்கும் உரிமை இல்லை. பாடகர் தலேர் மெஹந்தியைப் போலவே தோற்றம் கொண்டு அவர் பாடலைப் பாடும் பொம்மைகளை அவர் அனுமதியின்றி விற்றதை எதிர்த்த வழக்கில், 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பாடகருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ரஜினிகாந்தின் பெயரையும் பாணியையும் ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் பயன்படுத்த முயன்றபோது, 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வங்கி லாக்கருக்கு வாடிக்கையாளரிடம் ஒரு சாவியும் வங்கியிடம் ஒரு சாவியும் இருப்பதைப் போல, குழுவின் பெயரோடு அந்தக் காகம் அச்சிட்ட டி-ஷர்ட்டை விற்க இரண்டு தரப்பும் சேர்ந்தாக வேண்டும். எனவே அந்த மாணவரை இந்த வாரமே அழைத்துப் பேசுங்கள். முதல் பேச்சில் வக்கீல் வேண்டாம். குழுவில் பாடுகிற ஒருவரே பேசினால் நல்லது.

பேசி முடித்ததை எழுத்தில் வையுங்கள். இரண்டு பக்கம் போதும். உரிமையை முழுவதுமாக எழுதி வாங்காமல், குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான உரிமம் மட்டும் பெறுங்கள். எந்தப் படம், எந்தெந்தப் பொருள்களில் அச்சிடலாம், எத்தனை ஆண்டுக்கு, எந்த நாடுகளில் விற்கலாம், ஒவ்வொரு விற்பனைக்கும் ஓவியருக்குச் சேரும் பங்கான ராயல்டி எவ்வளவு என்ற ஐந்தும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். இவற்றைச் சொல்லாமல் விட்டால் சட்டமே இடைவெளியை நிரப்பிவிடும்: காலம் குறிக்கப்படாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். சிங்கப்பூரிலும் டொரோன்டோவிலும் இருக்கும் ரசிகர்களுக்கு அனுப்ப நினைத்தால் அந்த ஒரு வரி விடுபட்டதே உங்களுக்குத் தடையாகும். ஓவியரின் பெயர் படத்தோடு வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் பெயரோடு படைப்பு அறியப்பட வேண்டும் என்பதும், தன் மதிப்பைக் குலைக்கும் விதத்தில் அது சிதைக்கப்படக் கூடாது என்பதும் உரிமையை விற்ற பிறகும் படைப்பாளியிடம் தங்கும் உரிமைகள் என்று அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே, காகத்தின் வாலை வெட்டிவிட்டு ஃபோன் கவரில் அடிப்பதானாலும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

டிசைன் போட்டி நல்ல யோசனைதான். ஆனால் வரும் படங்கள் எல்லாம் குழுவுக்கே சொந்தம் என்ற விதியை நீக்கிவிடுங்கள் என்று உங்களை வற்புறுத்தியே கேட்டுக்கொள்கிறேன். நூறு பேர் இரவு விழித்து வரைந்து அனுப்ப, அதில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, மீதி தொண்ணூற்றேழின் உரிமையையும் வைத்துக்கொள்வது அன்பாக வந்தவர்களிடம் இலவசமாக வேலை வாங்குவதாகும். பெரிய நிறுவனங்கள் அப்படி விதி போடுகின்றன என்பதைப் பார்த்து நீங்களும் செய்ய வேண்டியதில்லை. தேர்வான படங்களுக்கு மட்டும் உரிமம், தேர்வாகாதவை வரைந்தவருக்கே சொந்தம் என்று எழுதுங்கள்.

இந்த வழியில் நன்றாக நடந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகாகோ நகரில் 2000-இல் தொடங்கிய த்ரெட்லெஸ், பொதுமக்கள் அனுப்பும் டிசைன்களுக்குப் பொதுமக்களையே வாக்களிக்கவைத்து, தேர்வானவற்றை அச்சிட்டு, வரைந்தவருக்குப் பணம் கொடுத்தே வளர்ந்தது. ஜப்பானின் சப்போரோ நகரில் இயங்கும் கிரிப்டன் நிறுவனம் 2007-இல் ஹட்சுனே மிக்கு என்ற குரல் மென்பொருளை வெளியிட்டபோது, அதன் உறையில் இருந்த பெண் பாத்திரத்தை ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் வரையத் தொடங்கினார்கள். நிறுவனம் தடுக்கவில்லை, படங்களைப் பகிர ஒரு தளம் அமைத்து, லாப நோக்கில்லாத பயன்பாட்டுக்குப் பொது அனுமதி தந்தது, அச்சுச் செலவை மட்டும் ஈடுகட்டும் அளவில் பொருள் செய்து கொடுப்பவர்களுக்கு விண்ணப்பித்தால் அனுமதி என்று தனி வழி வைத்தது. லாபத்துக்கு விற்பதானால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். சப்போரோ பனித் திருவிழாவுக்கான மிக்குவின் உடையையும் ரசிகர்கள் அனுப்பும் வடிவங்களிலிருந்து வாக்கெடுப்பு மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். எது இலவசம், எதற்குக் கேட்க வேண்டும், எதற்கு ஒப்பந்தம் வேண்டும் என்ற எல்லைகள் ஒரு பள்ளி மாணவருக்கும் புரியும்படி எழுதப்பட்டிருந்ததுதான் அங்கே முக்கியமான வேலை. ஏற்கெனவே டி-ஷர்ட் விற்கிற உங்கள் ரசிகர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன்: நண்பர்களுக்குள் அடக்க விலைக்குப் பகிர்ந்துகொள்வது வரை தடையில்லை, லாபம் வைத்து விற்பதானால் குழுவின் கடை வழியாக வாருங்கள் என்று ஒரு பக்க அறிவிப்பு போடுங்கள். ஆனால் அதற்கு முன் அந்த மாணவரின் சம்மதத்தைப் பெறுங்கள், ஏனென்றால் படம் அவருடையது.

போட்டிக்கு வரும் படங்களில் கண் வைக்க வேண்டியவை சில உண்டு. மேடைப் புகைப்படத்தின் மேல் அப்படியே கோடு இழுத்து வரைந்திருந்தால் அந்தப் புகைப்படக் கலைஞரின் உரிமை குறுக்கே நிற்கும். பாடல் வரியை எழுத்தோவியமாகத் தீட்டியிருந்தால் பாடலாசிரியரைக் கேளுங்கள். பாடலின் உரிமையை ஏதேனும் ஆடியோ நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அந்த ஒப்பந்தத்தில் மெர்ச் பற்றி என்ன இருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். எழுத்துருக்களிலும், வணிகப் பயன்பாட்டுக்கு இலவசமானவை, அல்லாதவை என்ற வேறுபாடு இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கிய படமா என்பதையும் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள், ஏனெனில் அத்தகைய படம் வேறொருவர் ஓவியத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம். மிக முக்கியமாக, 18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. பள்ளி மாணவர்கள் கலந்துகொள்ளக்கூடிய போட்டி இது. எனவே பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்தைக் கட்டாயமாக்குங்கள்.

இனி 200 டி-ஷர்ட்டா, பிரிண்ட் ஆன் டிமாண்டா என்ற கேள்வி. கணக்கு போட்டே பார்த்துவிடலாம். நான் வைக்கும் தொகைகள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் அச்சகத்தாரின் விலைப்பட்டியலை வைத்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். விற்பனை விலை 699 ரூபாய் என்று கொள்வோம். துணிக்கு 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம் என்பதால் அதில் ஏறத்தாழ 33 ரூபாய் வரியாகப் போகும். கூரியருக்கு 70, பணம் செலுத்தும் வசதிக்கு 15 என்று வைப்போம். ஒவ்வொன்றாக அச்சிட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒரு டி-ஷர்ட்டுக்கு 330 ரூபாய் கேட்டால் உங்களுக்கு மிஞ்சுவது 251. திருப்பூரில் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில், அதாவது வலைச் சட்டத்தின் வழியே மையைத் துணியில் பதிக்கும் முறையில், 200 உருப்படி சேர்த்து அடித்தால் ஒன்று 190 ரூபாய்க்கு வருகிறது என்று கொண்டால் ஒவ்வொரு விற்பனையிலும் மிஞ்சுவது 391. ஆனால் முதல் நாளே 38,000 ரூபாய் கையிலிருந்து போகிறது, விற்காமல் கிடப்பது ஒவ்வொன்றும் 190 ரூபாய் நஷ்டம். இரண்டையும் ஒப்பிட்டால், 200-இல் ஏறத்தாழ 115 விற்கும் வரை பிரிண்ட் ஆன் டிமாண்ட்தான் லாபம். அதற்கு மேல் விற்றால் சேர்த்து அடித்ததே லாபம். ராயல்டி இரண்டு முறையிலும் ஒரே தொகையாகக் கழிவதால் இந்த எல்லைக்கோடு மாறாது.

இந்தக் கணக்கில் அடங்காத ஒன்று அளவுப் பிரச்சினை. 200 டி-ஷர்ட்டை எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று எப்படிப் பிரிப்பது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. எம்-மும் எல்-லும் முதல் வாரத்தில் தீர்ந்து, கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் அடியில் எஸ் மட்டும் அடுக்கடுக்காகக் கிடக்கும். மொத்த எண்ணிக்கையில் சரியாக யூகித்தவர்களும் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

ஆனால் பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையை உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதன்மைக் காரணம் சரக்கு தேங்காது என்பது அல்ல. பதினொரு பேர் மட்டுமே வாங்கும் ஒரு டிசைன்கூட அந்தக் கடையில் இருக்க இடம் உண்டு என்பதும், ஒவ்வொரு விற்பனையும் எந்த டிசைன், எந்தத் தேதி என்று தானாகவே பதிவாகிவிடுகிறது என்பதும்தான் காரணம். சேர்த்து அடிக்கும் முறையில், உறுதியாக ஓடும் என்று தோன்றும் ஒன்றிரண்டு படங்களுக்கு மட்டுமே நீங்கள் துணிய முடியும்; மற்ற ரசிகர்களின் படங்களைப் பாராட்டிவிட்டு ஒதுக்கத்தான் நேரும். ஒவ்வொன்றாக அச்சிடும் முறையில் பத்துப் பேர் வரைந்த பத்துப் படங்களை ஒரே நாளில் கடையில் ஏற்றலாம். மாத முடிவில் யார் படம் எத்தனை விற்றது என்ற அறிக்கையை இறக்கி, அவரவர் பங்கை அவரவருக்கு அனுப்பலாம். வரி நீங்கிய விலையில் 10 சதவீதம் ராயல்டி என்று வைத்தால் மேலே சொன்ன டி-ஷர்ட்டில் ஓவியருக்கு ஏறத்தாழ 67 ரூபாய் போய், உங்களுக்கு 184 ரூபாய் மிஞ்சும். முதல் டி-ஷர்ட் விற்ற மாதத்திலேயே அந்த 67 ரூபாயை அனுப்பிவிடுங்கள், குறிப்பிட்ட தொகை சேரட்டும் என்று காக்கவைக்காதீர்கள். தான் வரைந்ததற்கு முதன்முதலாகப் பணம் பெறும் ஓர் இளைஞருக்கு அது என்ன தரும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த பாடல் வெளியாகும் அன்று உங்களுக்காக முதலில் பேசப்போகிறவரும் அவர்தான்.

இந்த முறையின் குறைகளையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். டிடிஜி என்பது நேரடியாகத் துணியிலேயே மை பதிப்பது. பருத்தித் துணியில் அழகாக வரும், தடவினால் துணியாகவே இருக்கும். டிடிஎஃப் என்பது பிளாஸ்டிக் படலத்தில் அச்சடித்து, பசைத் தூள் தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவது. எந்தத் துணியிலும் நிற்கும், நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் நெஞ்சு முழுக்கப் பெரிய கறுப்புக் கட்டமாக ஒட்டினால், காற்றுப் புகாமல், நம் ஊர் வெயிலில் அரை மணி நேரத்தில் வியர்வையில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் காகப் படம் மெல்லிய கோடுகளால் ஆனது என்பதால் வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில் டிடிஜி அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். கறுப்புத் துணிதான் வேண்டும் என்றால் கோடுகளை வெள்ளையாக்க மாணவரின் ஒப்புதல் வேண்டும். அச்சிடும்போது மாதிரித் துண்டை வாங்கி, மெல்லிய கோடு எங்கே விட்டுப்போகிறது என்று காகத்தின் இறகு நுனியில் பாருங்கள், அங்கேதான் முதலில் தெரியும். துணி 180 ஜிஎஸ்எம்-க்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) குறையாமல், மேலிருக்கும் நுண்ணிழைகளை நொதியால் நீக்கும் பயோ வாஷ் செய்ததாக இருக்கட்டும். கடை திறக்கும் முன் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் சாதாரண வாடிக்கையாளரைப் போலவே ஒவ்வொன்று ஆர்டர் செய்து, வீட்டில் உள்ளவர்களின் மற்ற துணிகளோடு சேர்த்து ஐந்தாறு முறை துவைத்துப் பார்த்து, அச்சைக் குறுக்கே இழுத்து விரிசல் விடுகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். மாதிரிக்கு வந்த தரம் ஆறு மாதம் கழித்தும் வருகிறதா என்று அவ்வப்போது பெயர் மாற்றி ஒன்று வாங்கிப் பார்ப்பதும் நல்லது.

கேஷ் ஆன் டெலிவரி வேண்டாம். வாசலில் கூரியர்காரர் நிற்கும்போது ஒருவர் வேண்டாம் என்றால், சாதாரணக் கடையில் அந்தப் பொருள் அலமாரிக்குத் திரும்பும். உங்கள் டி-ஷர்ட்டோ அவருக்காகவே, அவர் அளவில் அச்சிட்டது. அச்சுக்கூலியோடு போக்குவரத்துச் செலவும் இருமுறை உங்கள் தலையில் விழும், ஒன்று திரும்பினால் இரண்டு மூன்று விற்பனையின் லாபம் போய்விடும். யுபிஐ-யில் முன்பணம் பெற்ற பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்; அளவு அட்டவணையை அங்குலத்தில், நெஞ்சுச் சுற்றளவும் உயரமும் குறித்துப் போட்டுவிட்டால் திரும்பி வருவது பெருமளவு குறையும்.

வரி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: விற்றுமுதல் குறைவாக இருந்தாலும், பெங்களூருவுக்கோ கொச்சிக்கோ ஒரு டி-ஷர்ட் அனுப்பினால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, அதற்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டும். மெர்ச் யார் பெயரில், குழுவில் ஒருவர் பெயரிலா, கூட்டாண்மைப் பெயரிலா என்பதை முதலில் முடிவு செய்து, அந்தப் பெயரிலேயே பதிவு பெறுங்கள். கூடவே குழுவின் பெயரை வணிகச் சின்னமாக ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பிலும் இசை நிகழ்ச்சிகளுக்கான 41-ஆம் வகுப்பிலும் விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். கூட்டம் சேர்ந்த பிறகு, ரசிகர் அல்லாத யாரோ ஒருவர் உங்கள் பெயரை அடித்து நடைபாதையில் குவித்து விற்கும் நாள் வரலாம்; நோட்டீஸை அவருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கச்சேரிக்கு மட்டும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் உதவாது. பாட்டு முடிந்த சூட்டோடு வெளியே வரும் ரசிகர் அப்போதே அணிந்து பார்த்து வாங்க வேண்டும். ஒரு வாரத்தில் வீட்டுக்கு வரும் என்று சொன்னால் அந்த இடத்தில் பெரும்பாலோர் வாங்க மாட்டார்கள். அரங்கில் வைக்கக் கொஞ்சம் சரக்கு தேவைதான், ஆனால் 200 என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதில்லை. போட்டியை செப்டம்பரில் முடித்து, தேர்வான படங்களை அக்டோபர் முழுவதும் இணையக் கடையில் ஒவ்வொன்றாக அச்சிட்டு விற்றுப் பாருங்கள். எந்த இரண்டு படம் ஓடுகிறது, எந்த அளவு எத்தனை போகிறது என்பது அந்த ஒரு மாதத்து அறிக்கையிலேயே தெரிந்துவிடும். நவம்பர் தொடக்கத்தில் இரண்டு வார முன்பதிவு திறந்து, கச்சேரியில் வந்து பெற்றுக்கொள்பவர்களுக்குக் கூரியர் கட்டணம் இல்லை என்று அறிவியுங்கள். முன்பதிவில் வந்த எண்ணிக்கையோடு அதில் கால் பங்கு மட்டும் கூடுதலாகச் சேர்த்து, அக்டோபர் அறிக்கையில் கண்ட விகிதத்தில் அளவுகளைப் பிரித்து, திருப்பூரில் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அடியுங்கள். நவம்பர் 20-க்குள் ஆர்டர் போய்விட்டால், மழையால் தாமதமானாலும் சமாளிக்கலாம். அரங்கில் விற்கும் ஒவ்வொரு டி-ஷர்ட்டையும் யார் படம் என்று குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் ஒரு ஆளும் தேவை. அந்தக் கணக்கு கடையின் அறிக்கையில் வராது, ராயல்டி அதற்கும் உண்டு.